வீணைப் பட்டறைக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

நாலுதந்தி எழுதியது:

தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் எனக்கு மாண்டலின் செய்து தந்தார்கள். பலா மரம், நான்கு ஒற்றைத் தந்தி. ஏன் அங்கே போனேன், எவ்வளவு கொடுத்தேன் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பெரியவர், இரண்டு மகன்கள், மருமகள் என்று வீட்டோடு சேர்ந்த பட்டறை. வீணையின் அடிப்பாகமான குடத்தைக் குடைகிற கைகளுக்கு மாண்டலின் உடல் ஒரு வேலையே இல்லை. சிக்கல் மெட்டில், அதாவது சுரம் பிடிக்கத் தந்தியை அழுத்தும் உலோகக் கட்டையில் வந்தது.

வீணையில் மெட்டு மெழுகின் மேல் உட்காரும், பிசகினால் நகர்த்தலாம். மாண்டலினில் விரல்பலகையை அறுத்து, பள்ளத்தில் மெட்டை அடித்து இறக்க வேண்டும். நான் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தந்தி நீளம் 35.2 செ.மீ., முதல் மெட்டு 1.98 செ.மீ. தள்ளி, 12வது மெட்டு சரிபாதியில். பெரியவர் தாளை வாங்கி முழுவதும் படித்தார். மடித்து உளிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். பிறகு விரல்பலகையின் மேல் மெழுகைப் பரப்பி, மெட்டுகளை நிறுத்தி, தந்தியை மீட்டி மீட்டி ஒவ்வொன்றையும் நகத்தால் தள்ளினார். தம்புரா ஒலித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்ததும் மெட்டுகளின் ஓரத்தில் ஊசியால் கீறி, மெழுகைச் சுரண்டிவிட்டு, ரம்பத்தை மூத்த மகனிடம் நீட்டினார்.

மகன் ரம்பத்தைப் பலகையில் வைத்தவர் வைத்தபடியே நின்றார். "அப்பா, இது அறுத்தால் அறுத்ததுதான். சார் கொடுத்த தாளோடு ஒருமுறை வைத்துப் பார்க்கலாமா?" என்றார். பெரியவர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்கள் எதோடு வாசிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். தம்புராவோடு என்றேன். "அறு" என்றார் மகனிடம்.

இப்போது என் மகள் கீபோர்டு பழகுகிறாள். அவளோடு சேர்ந்து வாசித்தால் அந்தர காந்தாரம் (மேலே உள்ள 'க' சுரம்) மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. தம்புராவோடு வாசித்தால் அதே காந்தாரம் அப்படியே கரைந்துவிடுகிறது. கீபோர்டைத் தொட்டே இராத மனிதர் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டார்? அவர் காது எதைத் தேடியது? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?


சமகணக்கு எழுதியது:

பெரியவர் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் தாளை உளிப் பெட்டிக்கு அடியில் வைத்ததை ஏற்க முடியாது. அசையாத மெட்டுள்ள கருவியில் இன்று ஒரு சுரம் சட்ஜம் (ஆதாரமான 'ச'), நாளை வேறொரு சுரம் சட்ஜம். ஒன்றுக்குக் காதால் பொருத்திய காந்தாரம் மற்றொன்றுக்குப் பிசகும். அதற்காகத்தான் தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்து முதல் மெட்டு, மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து அடுத்த மெட்டு என்று வைக்கிறார்கள். மாண்டலின் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறினார், ஆனால் அவர் வாசித்ததும் அசையாத மெட்டுகளின் மேல்தான். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, அவர் விரலில் இருந்தது.

என் அனுபவம் சிறியது. பழைய மாண்டலின் ஒன்றுக்கு மெட்டு மாற்றிய கடையில், 12வது மெட்டில் மேல் சட்ஜம் ஏறி ஒலிக்கிறது என்று சொன்னேன். கடைக்காரர் அளவுகோலைப் பலகைமேல் வைத்து, என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாருங்கள், பாதிதானே?" என்றார். பாதிதான். ஆனால் தந்தியைத் தாங்குகிற குதிரை இன்னும் சற்றுப் பின்னால் நின்றிருக்க வேண்டும். அந்த அளவுகோல் இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். 12வது மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபடுவதால் சுருதி ஏறும். ஏறினால் குதிரையை வால்பக்கம் தள்ளுங்கள், இறங்கினால் மெட்டுப் பக்கம். தடித்த தந்திக்குக் கூடுதலாகப் பின்வாங்க வேண்டியிருக்கும் என்பதால் குதிரை சற்றுச் சாய்ந்து நிற்பது குற்றமல்ல. மாண்டலின் குதிரை பொதுவாக ஒட்டப்படுவதில்லை, தந்தியின் அழுத்தத்தில் நிற்பது. எனவே எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். தந்தியின் கனத்தை மாற்றினால் இவ்வளவையும் மறுபடி செய்ய வேண்டும். புதுத் தந்தி போட்ட அன்றே சோதிக்காதீர்கள், அது இழுபட்டு நிலைக்கட்டும்.


பாபநாசம் வாசகி எழுதியது:

சமகணக்கு, அவர் கேட்டது குதிரையைப் பற்றி அல்லவே.

நான் சொல்வது வேறொரு பட்டறை, ஆனால் அங்கேயும் ஒரு மருமகள். வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பொருத்த, கொண்டுபோயிருந்தேன். 2013ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம். அன்றும் ஒருவர் வந்திருந்தார். யாளி முகம் செதுக்குகிற தம்பியை எடுத்தார், குடத்தில் உளி போடுகிறவரை எடுத்தார். அந்தப் பெண் மூலையில் தேன்மெழுகையும் கரித்தூளையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த மெழுகு சரியில்லாவிட்டால் வீணையே இல்லை. வெயில் காலத்துக்கு இறுக்கமாக வேண்டும், இல்லாவிட்டால் மெட்டு விரலோடு சேர்ந்து நகரும். மிகவும் இறுகிப்போனால் வெடிக்கும். அவர் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்துப் பார்ப்பார். நகக்குறி அப்படியே நின்றால் சரி, ஓரம் உதிர்ந்தால் மறுபடி சூடு. "மெழுகு ஆயிற்றா அம்மா?" என்று பெரியவர் கேட்டதற்கு, "இன்னும் இல்லை மாமா" என்று நிமிராமலே சொன்னார். பெரியவர் காத்திருந்தார்.

24 மெட்டும் வைத்து முடித்தபின் பெரியவர் என்னை வாசிக்கச் சொன்னார். மேலே போனபோது, அந்தப் பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, பதினாறாவது ஏறியிருக்கிறது" என்றார். மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். எனக்கு எதுவும் தெரியவில்லை. பெரியவர் மீட்டிப் பார்த்தார். நெருப்பில் காட்டிய இரும்பை மெழுகில் லேசாக ஒற்றி, மெட்டை ஒரு மயிரிழை தள்ளினார். அப்போது தெரிந்தது. அந்தப் பெண் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

அவர் எந்த இசையும் முறையாகக் கற்றவர் இல்லை என்று பிறகு கேட்டறிந்தேன். படம் எடுத்தவர் இதையெல்லாம் பார்க்காமலேயே நன்றி சொல்லிப் போய்விட்டார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக இருந்தது.


பண்ருட்டிக்காரன் எழுதியது:

மெட்டு பற்றி எனக்குத் தெரியாது. மரம் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் கொல்லையில் நின்ற பலாவை வெட்டவேண்டி வந்தபோது, வீணைக்கு மரம் எடுக்கிற ஆசாரி ஒருவரை அப்பா வரச் சொன்னார். வாச்சியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினார், சுற்றி வந்தார், மறுபடி தட்டினார். குடம், தண்டி (மெட்டுகள் இருக்கும் நீண்ட பகுதி), யாளிக் கழுத்து எல்லாம் ஒரே மரத்தில் வருகிற ஏகாண்ட வீணைக்கு இந்தச் சுற்றளவு போதும் என்றார். அப்பாவுக்கு மகிழ்ச்சி, விலை கூடும் அல்லவா.

விலை பேசி முடிகிற நேரத்தில் ஆயா வெளியே வந்தார். அந்த மரத்தின் சுளையைத்தான் எங்கள் தெரு முழுவதும் தின்றது. "எந்த வீட்டுக்குப் போகும்?" என்று கேட்டார். ஆசாரி, "அது எனக்குத் தெரியாதே அம்மா. யார் கேட்டு வருகிறார்களோ அவர்களுக்கு" என்றார். ஆயா விடவில்லை. "வாசிப்பார்களா, சும்மா கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களா?" ஆசாரியால் உடனே பேச முடியவில்லை. "வாசிக்கிறவர்களுக்குத்தான் ஏகாண்டம் செய்வேன். பெட்டியில் வைக்கிறவர்களுக்கு ஒட்டு வீணையே போதும்" என்றார். அதன்பிறகுதான் ஆயா வெட்டச் சம்மதித்தார்.

அறுத்த அன்று உள்மரம் நல்ல மஞ்சளாக இருந்தது. அந்த வீணை எங்கே இருக்கிறதோ, இப்போது பழுப்பாகியிருக்கும்.


கீழவீதி எழுதியது:

நாலுதந்தி, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். இந்தத் தொழில் செய்த வீட்டில் பிறந்தவன். இப்போது சென்னையில் கணக்கு எழுதும் வேலை.

மெட்டு வைக்கும்போது காது தேடுவது அலைவை. பக்கத்தில் சட்ஜம் ஒலிக்கும் தந்தியான பக்க சாரணியை மீட்டிவிட்டு, மேலே முதல் தந்தியான சாரணியில் காந்தாரத்தை மீட்டினால், இரண்டும் உரசி ஓர் அலைவு கேட்கும். மெட்டைத் தள்ளத் தள்ள அலைவு மெதுவாகி ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் 4க்கு 5 என்ற விகிதம். கீபோர்டில் உள்ள காந்தாரம் அதைவிட மேலே இருக்கிறது. ஓர் அரைச்சுரத்தை 100 பங்காகப் பிரித்தால் சுமார் 14 பங்கு. உங்கள் மகளோடு ஒட்டாமல் நிற்பது அந்த 14 பங்குதான். பெரியவருக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்துக்கு ஈடாக வீணையைச் சேர்த்துத் தரச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். எதோடு வாசிப்பீர்கள் என்பது எங்கள் வீட்டிலும் முதல் கேள்வி.

சமகணக்கு, உங்கள் கணக்கு தவறு என்று சொல்லவில்லை. சட்ஜம் மாறிக்கொண்டே இருக்கிற இசைக்கு அது வேண்டும். சட்ஜம் அசையாமல் நிற்கிற இசைக்கு ஏன் எல்லாச் சுரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்துச் சமமாக்க வேண்டும்?

என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தமாகிவிட்டது. வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. மேளம் கட்டும்போது வாசல் கதவைச் சாத்திவிட்டு, என்னை மீட்டச் சொல்லி, தண்டியின் விளிம்பில் பல்லைப் பதித்துக்கொள்வார். ஒரு கையால் மெட்டைத் தள்ளுவார். ஒருநாள் என் காதுக்கு அலைவு முற்றிலும் நின்றிருந்தது. "நின்றுவிட்டது அப்பா" என்று அவர் தோளைத் தொட்டேன். பல்லை எடுக்காமலேயே தலையை ஆட்டி மறுத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். அதன்பிறகு மீட்டியபோது குடம் முழுவதும் சேர்ந்து ஒலித்தது, என் தொடையில் அதிர்வு தெரிந்தது. அவர் நிமிர்ந்து, தண்டியில் பல் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்தார். வெளியே ஆள் காத்திருந்தார்.

காது நன்றாக இருந்த எனக்குக் கேட்காதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் நானும் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.


நாலுதந்தி எழுதியது:

கீழவீதி, நன்றி. 14 பங்கு என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. அடுத்த மாதம் தஞ்சாவூர் போகிறேன். மகளுக்காகத் தாளில் உள்ள அளவுப்படி இன்னொரு மாண்டலின் செய்து தருவார்களா என்று கேட்கப் போகிறேன். இதன் மெட்டில் யாரையும் கைவைக்க விடமாட்டேன்.


சமகணக்கு எழுதியது:

நல்ல முடிவு. அளவெடுக்கும்போது ஒவ்வொரு மெட்டையும் முந்தைய மெட்டிலிருந்து அளக்காமல், எல்லாவற்றையும் மேல் முனையிலிருந்தே அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிறு பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ரம்பத்தின் வெட்டு, பள்ளத்தில் இறங்கும் மெட்டின் அடித்தகட்டைவிட அகலமாக இருந்தால் மெட்டு பிடிக்காது, முதலில் ஒரு துண்டுப் பலாவில் அறுத்துப் பார்க்கட்டும்.