உடலுறுப்புகளில் ஒட்டிக்கொண்ட மருத்துவர் பெயர்கள்: தமிழ்வழி வகுப்பில் எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ்வழி மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பெண் இனப்பெருக்க மண்டலத்தை நடத்தும்போது படம் வரைந்து, பக்கத்தில் ‘ஃபெலோப்பியன் நாளம்’ என்று எழுதினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “நாளம் புரிகிறது டீச்சர், ஃபெலோப்பியன் என்றால் என்ன?” என்றாள். ஓர் இத்தாலிய மருத்துவரின் பெயர் என்றேன். “பெண்ணின் உறுப்புக்கு ஆணின் பெயரா?” என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவர் பார்ப்பதற்கு முன்பு அப்படியொரு நாளம் இருப்பதே யாருக்கும் தெரியாதா என்று தொடர்ந்து கேட்டாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அதன்பின் பாடநூலைப் புரட்டியபோது கிராஃபியன், யூஸ்டேஷியன், மால்பீஜியன், பௌமன், ஹென்லே என்று பக்கத்துக்குப் பக்கம் ஆட்பெயர்களாகவே கண்ணில் பட்டன. என் ஐயங்கள் இரண்டு. இவர்கள்தாம் இந்த உறுப்புகளை உண்மையிலேயே முதலில் கண்டவர்களா? உறுப்பின் வேலையைப் பற்றி எதையுமே சொல்லாத இந்தப் பெயர்களை விட்டுவிட்டு, ஃபெலோப்பியனுக்குக் கருக்குழாய், யூஸ்டேஷியனுக்கு நடுச்செவிக் குழல் என்று பொருள் விளங்கும் தமிழ்ச் சொற்களை மட்டும் கற்பித்தால் பிழையாகுமா?

மறுமொழி 1: கத்தியும் கிடுக்கியும்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கூற்றியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாணவி கேட்ட கேள்வியை என் மாணவர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. பெயர்களை மனப்பாடம் செய்யவே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

கப்ரியேலே ஃபலோப்பியோ மொதேனா நகரத்துக்காரர். 1551 முதல் 1562இல் இறக்கும்வரை படுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தார். தம் அவதானிப்புகளை அவர் தொகுத்த இலத்தீன் நூல் 1561இல் வெனிஸில் அச்சானது. அதில் படம் ஒன்றுகூடக் கிடையாது. கருப்பையின் இரு மூலைகளிலிருந்தும் மெல்லியதாகப் புறப்பட்டு, சற்று வளைந்து சென்று, சினைப்பைக்கு அருகில் வாய் விரிந்து முடியும் ஓர் உறுப்பைச் சொல்லாலேயே காட்டவேண்டியிருந்ததால், அதை அவர் எக்காளத்துக்கு ஒப்பிட்டார். அவர் எழுதிய ‘தூபா’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ஊதும் எக்காளம் என்றே பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ‘டியூப்’ ஆகி, நம் பாடநூலுக்கு வரும்போது நாளமாகிவிட்டது.

முதலில் கண்டவரா என்றால், இல்லை. அவருக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர் இவற்றைக் கண்டிருக்கிறார். ஆனால் ஆண் உடலை அளவுகோலாக வைத்துக்கொண்டு பெண் உடலைப் பார்த்ததால், இவை சிறுநீர்ப்பையில் போய்ச் சேருவதாக நினைத்துவிட்டார். ஃபலோப்பியோ வடிவத்தைச் சரியாக எழுதினார் என்றாலும், அதன் வழியே எது பயணம் செய்கிறது என்பது அவருக்கும் தெரியாது. சினைப்பையில் முட்டை உண்டாகி இந்தக் குழலின் வழியாகக் கருப்பைக்கு வருகிறது என்று வாதிட்டவர் டெல்ஃப்ட் நகரத்து மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப், ஆண்டு 1672. உங்கள் பாடநூலின் ‘கிராஃபியன்’ அவர்தான். அவரும் ஓரிடத்தில் சறுக்கினார். சினைப்பையில் கொப்புளம் போலத் தெரிந்த நுண்பை முழுவதையுமே முட்டை என்று எண்ணினார். பையின் உள்ளே இருக்கும் நுண்ணிய முட்டையை, பெண் நாய் ஒன்றின் சினைப்பையில், கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் 1827இல்தான் கண்டார். ஆகவே கிராஃபியன் நுண்பை என்பது, அதை வேறொன்றாக எண்ணியவரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

யூஸ்டேஷியன் குழலின் கதை வேறு மாதிரியானது. உரோமில் இருந்த பார்த்தலோமியோ யூஸ்டாக்கியோ 1552இலேயே 47 செப்புத் தகடுகளில் உடற்கூற்றுப் படங்களைச் செதுக்கச் செய்து வைத்திருந்தார். அவற்றில் எட்டு மட்டுமே அவர் வாழ்நாளில் அச்சேறின. எஞ்சியவை அவர் இறந்து 140 ஆண்டுகள் கழித்து, 1714இல், போப்பாண்டவரின் மருத்துவர் லான்சிசியின் முயற்சியால் வெளிவந்தன. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழலை அவர் 1562இல் விரிவாக எழுதினார். அந்தக் குழலுக்கு அவர் பெயரைச் சூட்டியது அவரில்லை. 1704இல் காதைப் பற்றி நூல் எழுதிய வல்சால்வா. பண்டைய கிரேக்கத்து அல்க்மேயோனுக்கும் இப்படியொரு வழி இருப்பது தெரிந்திருக்கலாம். ஆடுகள் காதால் மூச்சு விடுகின்றன என்று அவர் சொன்னதாகவும் அது தவறென்றும் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்; பாடத்தில் இல்லாவிட்டாலும் உங்கள் மாணவி விரும்பக்கூடும். கணையத்தின் முதன்மை நாளத்துக்கு விர்சுங் நாளம் என்று பெயர். ஜெர்மானியரான விர்சுங், 1642இல் படுவாவில், தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளி ஒருவனின் உடலைத் திறந்தபோது அதைக் கண்டார். நூல் எதுவும் எழுதாமல், கண்டதை ஒரே ஒரு செப்புத் தகட்டில் செதுக்கி, அதன் படிகளைப் பாரிஸ் உள்ளிட்ட இடங்களில் இருந்த அறிஞர்களுக்கு அனுப்பி, “இது தமனியா, சிரையா? இதில் நான் குருதியைக் கண்டதே இல்லை” என்று கேட்டார். மறு ஆண்டே தம் வீட்டு வாசலில் கொலையுண்டார். அவரிடம் பயின்ற ஹோஃப்மன், அதே நாளத்தைத் தாம் முன்னரே ஒரு பறவையில் கண்டு ஆசிரியருக்குக் காட்டியதாகப் பின்னாளில் உரிமை கோரினார். விர்சுங்கின் கேள்விக்கு விடையின் முதற்பகுதி, 1664இல் நாயின் கணைய நீரைச் சேகரித்துக் காட்டிய ஒருவரிடமிருந்து வந்தது. அவர் வேறு யாருமல்லர், மேலே சொன்ன டி கிராஃப்தான்.

இரண்டாவது ஐயத்துக்கு என் விடை: பிழையாகாது. ஒரே உறுப்புக்கு ஊருக்கொரு பெயர் வழங்கிய குழப்பம் தாங்காமல், 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூற்றியலாளர்கள் ஏறத்தாழ 50,000 பெயர்களை 5,500 அளவுக்குச் சுருக்கினார்கள். 1955இல் பாரிஸில் ஏற்கப்பட்ட பட்டியலில் ஆட்பெயர்களே நீக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் அறுவை அரங்கிலும் உங்கள் பாடநூலிலும் அவை இன்றும் புழங்குகின்றன.

மறுமொழி 2: நரம்புவழி

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். முடிவை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். நான் நரம்பியல் பிரிவில் பணியாற்றுபவன். பொருள் விளங்கும் பெயர் எப்போதும் உண்மையான பெயர் என்று நாம் நம்பிவிடுகிறோம். ‘ஆர்ட்டரி’ (தமனி) என்ற சொல்லின் கிரேக்க மூலத்தை, காற்றைக் கொண்டுசெல்வது என்று பொருள்படவே பழங்காலத்தில் விளக்கினார்கள். இறந்த உடலில் தமனிகள் வெறுமையாக இருப்பதைக் கண்டு, உயிரோடிருக்கும்போதும் அவற்றில் காற்றுதான் ஓடுகிறது என்று எண்ணினார்கள்.

நோய்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817இல் ‘நடுக்கு வாதம்’ பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வருபவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறார், அவ்வளவே. அந்த நோய்க்கு அவர் பெயரை வைக்கவேண்டும் என்று பின்னர் வாதிட்டவர் பாரிஸின் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ. அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. இந்நோயாளிகளில் சிலருக்கு நடுக்கமே இருப்பதில்லை. தசைகள் விறைத்து அசைவு மந்தமாகிறதே தவிர, அது வாதமும் (உறுப்புச் செயலிழப்பும்) ஆகாது. பெயரின் இரண்டு சொற்களும் தவறு என்பதால், எதையும் சொல்லாத ஆட்பெயரே மேல் என்றார். நாமோ ‘நடுக்குவாதம்’ என்று அவர் கைவிட்ட பெயரையே தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். விளைவு என்ன? அண்மையில் ஒரு பெரியவரைப் பரிசோதித்து நோயின் பெயரைச் சொன்னதும், அவருடைய மகன் தந்தையின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, “அப்பாவுக்குக் கை நடுங்கவே இல்லையே சார், பிறகு எப்படி நடுக்குவாதம்?” என்று கேட்டார். அந்தப் பெரியவர் சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். அதை மூப்பு என்று எண்ணி ஓராண்டு வீணாக்கிவிட்டார்கள்.

முதலில் கண்டவர் யார் என்பது பற்றியும் ஒரு சொல். மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து அமைக்கும் வளையத்துக்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் எழுதுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர் அதை விவரித்திருக்கிறார். ஆனால் அந்த வளையம் எதற்காக இருக்கிறது என்று கேட்டவர் வில்லிஸ். ஒருவரது உடலைத் திறந்தபோது கழுத்தின் வலப்பக்கத்துத் தமனி கல்போல இறுகி அடைபட்டிருந்ததையும், அப்படியிருந்தும் அவர் பக்கவாதம் இல்லாமல் வாழ்ந்திருந்ததையும் கண்டு, ஒரு வழி அடைத்தால் மற்ற வழிகளிலிருந்து குருதி சுற்றி வந்து ஈடுசெய்கிறது என்று விளக்கினார். படங்களை வரைந்தவர், பின்னாளில் இலண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். முதலில் கண்டவருக்குக் கிடைக்காத பெயர், விளங்கவைத்தவருக்குக் கிடைத்திருக்கிறது. இதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

மறுமொழி 3: சொல்லேர்

நரம்புவழி அவர்கள் சொன்ன எடுத்துக்காட்டு சரியானது. ஆனால் அது ‘நடுக்குவாதம்’ என்ற ஒரு சொல்லின் குறையே தவிர, தமிழில் பெயரிடும் முறையின் குறையன்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் வெளியிட்டார். அவருக்கும் அவரோடு உழைத்த மாணவர்களுக்கும் இயன்ற ஒன்று, இன்று நமக்கு இயலாது என்று சொல்வதற்கில்லை.

ஆட்பெயரைப் பயன்படுத்தியே தீரவேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தொழுநோய்க்குரிய பழைய பெயர்கள் நம் ஊரில் வசைச்சொற்களாகவே ஆகிவிட்டன. நோர்வேயின் பெர்கன் நகரில் 1873இல் அந்நோயின் கிருமியைக் கண்ட ஹான்சனின் பெயரைச் சொல்லும்போது, நோயாளியின் முகம் சுருங்குவதில்லை. ஆனால் அந்த ஹான்சனே, ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவருடைய ஒப்புதல் இல்லாமல் நோய்ப்பொருளைச் செலுத்திப் பார்த்ததற்காக, 1880இல் நீதிமன்றத் தீர்ப்பால் மருத்துவமனைப் பதவியை இழந்தவர். ஆட்பெயரை ஏற்கும்போது அந்த ஆளையும் சேர்த்துத்தான் ஏற்கிறோம்.

ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். ‘கருக்குழாய்’ வேண்டாம், ‘கருக்குழல்’ என்று எழுதுங்கள். குழாய் என்றால் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வரும். குழல் என்ற சொல்லிலோ துளையுள்ள உறுப்பும் இருக்கிறது, ஊதும் கருவியும் இருக்கிறது. ஃபலோப்பியோ எக்காளத்தை நினைத்து வைத்த பெயர் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இழந்ததைத் தமிழ் ஒரே சொல்லில் மீட்டுக்கொடுக்கிறது. எக்காளத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள், நாதஸ்வரத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் அடியில் அகன்று விரியும் அணசைக் காட்டினால், குழலின் வாய் ஏன் சினைப்பையின் பக்கம் விரிந்திருக்கிறது என்பதைத் தனியாக விளக்கவேண்டியிருக்காது.

கரும்பலகை

மூவருக்கும் நன்றி. அணசை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் வீடு இருக்கிறது. கருக்குழல் என்று கற்பித்து, தேர்வுத்தாளில் பாடநூல் பெயரே வரும் என்பதால் ஃபெலோப்பியன் என்பதையும் அடைப்புக்குறிக்குள் எழுதச் சொல்லப்போகிறேன். நடுச்செவிக் குழலுக்கும் இதுபோல வகுப்பிலேயே காட்டக்கூடிய ஏதேனும் இருக்கிறதா?

கத்தியும் கிடுக்கியும்

இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைப்பதும், எச்சில் விழுங்கியதும் ‘டப்’ என்று திறப்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். விழுங்கும்போது திறப்பது அந்தக் குழல்தான். வாயை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதச் சொன்னாலும் காதுக்குள் ஓர் அழுத்தம் தெரியும். யூஸ்டாக்கியோவின் பெயரைச் சூட்டிய வல்சால்வா, நடுச்செவியில் தேங்கிய சீழை வெளியேற்றச் சொன்ன வழி அது. சளி பிடித்திருக்கும் பிள்ளைகளை மட்டும் இதைச் செய்யவிடாதீர்கள்.