எஃப்-2ஏ வரிசையில் பிரிந்திருக்கும் தம்பதிகள்: அனுபவப் பகிர்வு

எடிசன்வாசி:

அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கிய பிறகு ஊருக்கு வந்து கல்யாணம் செய்தவர்களுக்கும், அவர்களுக்காக இந்தியாவில் காத்திருப்பவர்களுக்கும் இந்த இழை. எஃப்-2ஏ என்பது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி அல்லது கணவருக்கும் குழந்தைகளுக்கும் உள்ள விசா வரிசை.

முதலில் இரண்டு தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கிரீன் கார்டு கிடைப்பதற்கு ஒரு நாள் முன்பு கல்யாணம் நடந்திருந்தாலும், அது வேலைவழி கிரீன் கார்டு என்றால், மனைவிக்கு ஐ-130 என்ற குடும்ப உறவு மனு தேவையில்லை. கணவரின் பிரையாரிட்டி டேட்டே (வரிசையில் இடம் பிடித்த தேதி) அவருக்கும் செல்லும். பின்தொடர்ந்து வந்து சேரலாம். இதைக் கவனிக்காமல் எஃப்-2ஏ வரிசையில் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கிரீன் கார்டுக்குப் பிறகு கல்யாணம் என்றால் எஃப்-2ஏதான். 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி ஐ-130 ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675. மனு குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேரும் நாள்தான் உங்கள் பிரையாரிட்டி டேட். வரிசையில் உங்கள் இடம் அதுதான் என்பதால், கல்யாணம் முடிந்து மனு போடும்வரை கழியும் ஒவ்வொரு வாரமும் பிரிவின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை இந்த வகைக்குக் காத்திருப்பே இல்லாமல் இருந்தது. 2023 ஏப்ரல் விசா புல்லட்டினில் (யாருடைய முறை வந்தது என்று மாதாமாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் பட்டியல்) தேதி பின்னுக்குப் போனது. அதனால் 2021இல் மனு போட்ட நண்பருக்கு எவ்வளவு நாள் ஆனது என்று கேட்டுக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று: வேலைவழி வரிசைபோல இந்தியர் என்பதற்காக இது நீள்வதில்லை. எஃப்-2ஏ விசாக்களில் 75 சதவீதம் நாட்டு உச்சவரம்புக்கு வெளியே கொடுக்கப்படுகிறது.

வைகைக்கரை:

மனு தாமதமாவதற்குப் பெரும்பாலும் கல்யாணச் சான்றிதழ்தான் காரணம். கோயில் ரசீது, மண்டப ரசீது, அழைப்பிதழ் எல்லாம் துணை ஆதாரங்கள்தான். சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுக்கு 90 நாள் அவகாசம் உண்டு; ஆனால் மாப்பிள்ளையின் லீவு மூன்று வாரம்தானே. தாலி கட்டிய வாரத்திலேயே பதிவை முடித்துவிடுங்கள். முகவரிச் சான்று, வயதுச் சான்று, சாட்சிகளின் அடையாள அட்டை எல்லாம் கல்யாணத்துக்கு முன்பே ஒரு கவரில் இருக்கட்டும்.

நம் ஊர் ஃபைல்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். சான்றிதழில் 'கே. ரேவதி', பாஸ்போர்ட்டில் ரேவதியோடு அப்பாவின் முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை: மூன்றும் ஒரே ஆள்தான் என்பதை அதிகாரிக்கு நாம்தான் காட்ட வேண்டும். கல்யாணச் சான்றிதழை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் இப்போதே சேருங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். பிறகு அமெரிக்காவில் வங்கி, லைசென்ஸ் எல்லா இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். காத்திருக்கும் காலத்திலேயே பாஸ்போர்ட்டைத் திருத்துவது சுலபம். கல்யாணமானதற்காக மனைவி பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர்க்க வேண்டும்.

பொருநை:

டூரிஸ்ட் விசாவில் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வர முடியாதா?

எடிசன்வாசி:

விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் அந்தப் படிவத்திலேயே உங்களுக்காகக் குடியேற்ற மனு போடப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி உண்டு. ஆம் என்றால், திரும்பி வருவீர்கள் என்று அதிகாரியை நம்பவைப்பது கடினம். குடியேறும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்காதவர்களுக்கான 214(பி) பிரிவில் மறுப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். இல்லை என்று பொய் சொன்னால் குடியேற்ற விசாவே நிரந்தரமாகப் பறிபோகலாம். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

கணவர் வந்துபோவதுதான் வழி. அதிலும் கணக்கு இருக்கிறது. சிட்டிசன்ஷிப்புக்கு ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர் வசிப்பு அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மாற்றி நிரூபிப்பது நம் பொறுப்பு. மனைவியோடு இருக்கலாம் என்று எட்டு மாதம் சென்னையிலிருந்து வேலை பார்த்தால், சீக்கிரம் சேர்வதற்கான இன்னொரு கதவான சிட்டிசன்ஷிப் தள்ளிப்போகிறது.

மலைக்கோட்டை:

ஃபைலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த ஃபைலுக்கு இரு பக்கமும் இரண்டு பேர் தினமும் வாழ வேண்டியிருக்கிறதே, அதையும் கொஞ்சம் சொல்கிறேன்.

போன் நேரத்தை இந்தியக் கடிகாரத்தில் வையுங்கள். காலை 7 மணி என்றால் நியூ ஜெர்சியில் கோடையில் முந்தைய இரவு 9:30, குளிர்காலத்தில் 8:30. கலிஃபோர்னியாவில் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 5:30. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரம் மாறும் வாரத்தில் "ஏன் எடுக்கவில்லை" என்ற சண்டைகள் கூடும்; காலெண்டரில் குறித்துவையுங்கள். தினமும் வீடியோவில் முகம் பார்த்து உட்கார வேண்டியதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒருவர் தோசை சுட, இன்னொருவர் பாத்திரம் கழுவ, பேசாமல்கூட இருங்கள். மனஸ்தாபம் வந்தால், தூங்கப்போகும் நேரத்தில் இருப்பவரை அதோடு விடாதீர்கள். மற்றவருக்குப் பகல் முழுக்க வேறு வேலை இருக்கும். அவருக்கு இருட்டறை மட்டும்தான்.

விசா பேச்சை மாதத்துக்கு ஒரு நாளாகச் சுருக்குங்கள். அடுத்த மாதத்துக்கான புல்லட்டின் மாத நடுவில் வருகிறது. அன்று பேசினால் போதும். தினமும் கேஸ் ஸ்டேட்டஸ் பார்ப்பதால் தேதி நகராது, தூக்கம்தான் போகும்.

"எப்பம்மா கிளம்புறே?" என்ற கேள்வி எப்போதும் மனைவியைத்தான் சுடும். புல்லட்டின் வந்த அன்றே கணவர் இரு வீட்டுக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டுவிட வேண்டும். மனைவி மாமியார் வீட்டில் இருப்பதா, அம்மா வீட்டிலா, வேலை பார்க்கும் ஊரில் ஹாஸ்டலிலா என்பதை அவரே முடிவுசெய்யட்டும்; யாராவது முகம் சுளித்தால் கணவர் பேச வேண்டும். இது ஆண்டுக்கணக்கான ஏற்பாடு.

தலை தீபாவளிக்கே லீவு முழுவதையும் கரைத்துவிட வேண்டாம். டிக்கெட் விலை ஏறும் டிசம்பரையும் மே-ஜூலையையும் தவிர்த்தால், அதே பணத்தில் இன்னொரு பயணத்துக்குப் பாதி சேர்ந்துவிடும். ஒவ்வொரு பயணத்திலும் போர்டிங் பாஸ், இரு வீட்டாரோடும் சில படங்கள், மாதம் ஒரு பக்கம் அழைப்புப் பதிவு, பணம் அனுப்பிய ரசீது: எல்லாம் ஒரே ஃபோல்டரில் தேதிவாரியாக. உண்மையான திருமணம் என்பதற்கு இவை நல்ல சான்று.

வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். மனநல உதவி எண்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். அமெரிக்காவில் 988.

வைகைக்கரை:

கணவர் சிட்டிசன் ஆவது பற்றி. கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு நிறைய 90 நாள் இருக்கும்போதே என்-400 என்ற சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தைப் போடலாம். சிட்டிசன் ஆன அன்றே மனைவி வரிசையை விட்டு வெளியே வந்துவிடுகிறார். சான்றிதழ் நகலை என்.வி.சி.க்கு (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) அனுப்பி வகையை மாற்றச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எஃப்-2ஏயில் குழந்தை அம்மாவின் மனுவோடு சேர்ந்தே வரும். சிட்டிசனின் மனைவி வகையில் அப்படி வராது. குழந்தைக்குத் தனி ஐ-130 வேண்டும். அதைப் போடாமல் விட்டால் அம்மாவுக்கு விசா தயார், குழந்தைக்கு இல்லை என்ற நிலை வரும். சிட்டிசன் ஆன பிறகு குழந்தை பிறந்தால் கதையே வேறு: அப்பா அதற்கு முன் அமெரிக்காவில் மொத்தம் ஐந்து ஆண்டு, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு தன் 14 வயதுக்குப் பிறகு, இருந்திருந்தால் குழந்தை பிறவியிலேயே சிட்டிசன்.

எடிசன்வாசி:

கடைசிக் கட்டம். என்.வி.சி.யில் 325 டாலரும் 120 டாலரும் கட்டி டிஎஸ்-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்), ஐ-864 (கணவர் தரும் பொருளாதார ஆதரவு உறுதிமொழி) ஏற்ற வேண்டும். கணவரின் வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது வேண்டும். விசா கிடைக்கும் நிலை வந்ததாக அறிவிப்பு வந்து ஒரு வருடம் நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்தால் கேஸை மூடிவிடலாம். அந்த மின்னஞ்சல் முகவரியை இருவரும் பார்க்கும்படி வையுங்கள்.

இன்டர்வியூ மும்பையில். கணவர் வர வேண்டிய அவசியமில்லை. அந்த லீவை வேறு பயணத்துக்கு வையுங்கள். மருத்துவப் பரிசோதனை தூதரகப் பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம் மட்டும். எக்ஸ்-ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் மூன்று காலைகள் சளி மாதிரி எடுத்துக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை) வைப்பார்கள், முடிவுக்கு எட்டு வாரம். அதனால் விமான டிக்கெட் முன்கூட்டியே வேண்டாம். எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்பே போட்டு அட்டையில் பதிந்துகொள்ளுங்கள்.

விசா பொதுவாக ஆறு மாதம் வரை செல்லும். மருத்துவப் பரிசோதனைத் தேதியைப் பொறுத்துக் குறையலாம். 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் பீரியடுக்கு அது பெரும்பாலும் போதும். ஆகவே விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்து, அதில் பெயர், பிறந்த தேதி, வகை மூன்றையும் சரிபார்த்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள்.