ஏர் பிஸ்டலுக்கு செராமிக் குச்சியா, சாணைக்கல்லா?

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். என்னுடையது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் பிஸ்டல், குழலை மடக்கி இழுக்கும் வகை. 10 மீட்டரில் அட்டை சுட்டுப் பழகத்தான். ஐப்பசி மழை முழுக்க உறையோடு பீரோவில் கிடந்தது. கார்த்திகையில் எடுத்து மடக்கினால் பாதியில் கரகரவென்று பிடிக்கிறது.

பிரித்துப் பார்த்தேன். இழுகம்பியின் (குழலை மடக்கும்போது ஸ்பிரிங்கை அழுத்திவிடும் கம்பி) அடிப்பக்கத்தில் நகம் மாட்டுகிற ஆழத்துக்கு ஒரு கீறல், சுற்றிலும் துரு. மண்ணெண்ணெயில் துரு போனது, கீறல் போகவில்லை. 2000 எண் உப்புத்தாளும் போட்டாயிற்று. சிலிண்டருக்குள் எண்ணெய் விடவில்லை, அழுத்தத்தில் பற்றிப் புகையும்.

அப்புறம்தான் அந்தக் கிறுக்குத்தனம். அடுப்படியில் இருந்த 'வி' வடிவக் கத்தி தீட்டியில் கம்பியை ஒரு இழுப்பு இழுத்தேன். அது மெருகு போடாது, இரும்பைச் சுரண்டும். இப்போது மூன்று கீறல். "என் தீட்டியையும் கெடுத்துட்டியளே" என்று வீட்டில் தனி வழக்கு. டிரிக்கர், சியர் (ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்து, டிரிக்கரை இழுத்ததும் விடும் கொக்கி) பக்கம் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

கையில் வெள்ளை செராமிக் குச்சியும் ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 எண் கொண்ட சாணைக்கல்லும் உண்டு. கம்பியின் தட்டையான அடிப்பக்கத்தை மட்டும், அளவு குறையாமல் வழவழப்பாக்க இரண்டில் எது சரி?