ஹாங்காங் படத்தில் எல்லோரும் ஒரே பாஷை பேசுகிறார்கள், உதவி!

அரைத்தூக்கம்:
அவசரம். இன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக இருக்கிறோம். அந்த ஹாங்காங் காதல் படத்தில் நாயகனுக்கு ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் வராது என்று சப்டைட்டிலில் வருகிறது. ஆனால் அவனும் அந்தக் கடைப் பெண்ணும் ஒரே பாஷைதான் பேசுகிறார்கள். போதாக்குறைக்கு சப்டைட்டில் போகப் போகப் பின்தங்குகிறது.

டீக்கடை பெஞ்ச்:
எந்தப் படம்? எதில் ஓட்டுகிறீர்கள்?

அரைத்தூக்கம்:
நடிகை மேகி சியுங் படம்தான். மெதுவாகப் போகுமே.

மழைநாள்:
அப்படியென்றால் 'இன் த மூட் ஃபார் லவ்'. கோளாறே இல்லை. அதில் வீட்டுக்கார அம்மா ஷாங்காய் பாஷை பேசுவார், மற்றவர்கள் கான்டனீஸ். நம் காதுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பழையரீல்:
கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் வழக்கம் இங்கே எப்போது வருமோ. கான்டனீஸ் வராத நாயகன் என்றால் 1996இல் பீட்டர் சான் எடுத்த 'காம்ரேட்ஸ், ஆல்மோஸ்ட் எ லவ் ஸ்டோரி'. 1986இல் சீனாவிலிருந்து வந்து இறங்கும் நாயகன் லியோன் லாய் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேசுவார். மெக்டொனால்ட்ஸ் கவுன்டரில் நிற்கும் மேகி கான்டனீஸ் பேசி ஹாங்காங்காரி மாதிரி காட்டிக்கொள்வார், ஆனால் அவரே சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்தவர். உங்களிடம் இருப்பது முழு மாண்டரின் டப்பிங். அதில் பார்த்தால் அவருடைய வேஷமே தெரியாது. புத்தாண்டுச் சந்தையில் சீனாவிலிருந்து வந்தவர்கள் உயிராகக் கேட்கும் பாடகி தெரசா டெங்கின் பாட்டு விற்காமல் கிடப்பதும் இப்படி ஊரை மறைப்பதால்தான். வாங்கினால் சீனாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்துவிடுமே!

டீக்கடை பெஞ்ச்:
ஃபைலில் இரண்டு ஆடியோ இருக்கலாம். விஎல்சி வீடியோ பிளேயரில் ஓட்டினால் ஆடியோ மெனுவில் ஆடியோ டிராக் பாருங்கள். சப்டைட்டில் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் போட்டது, வீடியோ 25ஆக இருக்கும். இரண்டு மணி நேரப் படத்தில் கடைசியில் கிட்டத்தட்ட 5 நிமிடம் தள்ளிப்போகும். மொத்தமாக நேரத்தைத் தள்ளிவைக்கும் டிலே வைத்துத் தீராது, 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்றுங்கள்.

மழைநாள்:
லியோன் லாய் பாட்டுக்காரர். நடிப்பு வராது, எந்தப் பாஷையில் பேசினால் என்ன.

பழையரீல்:
ஊருக்குப் புதிதாக வந்த, விவரம் தெரியாத அந்தப் பாத்திரத்துக்கு அவர் தடுமாற்றம் பொருந்துகிறது. அது புரிய நாலு படம் பார்த்திருக்க வேண்டும்.

கடைசிவரிசை:
இரண்டு பேரையும் விடுங்கள், முதுகில் மிக்கி மவுஸ் பச்சை குத்திக்கொண்டு வரும் நடிகர் எரிக் சாங்தான் படம். அப்புறம் அந்த ஆங்கில வாத்தியார் யார் தெரியுமா? 'இன் த மூட் ஃபார் லவ்' எடுத்த வோங் கர்-வாயின் ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயில்! நியூயார்க்கில் டிவிக் கடை வாசலில் இருவரும் சந்திக்கிற இடம்...

டீக்கடை பெஞ்ச்:
யோவ், அவர் இன்னும் படமே பார்க்கவில்லை.

அரைத்தூக்கம்:
இரண்டாவது டிராக்கில் மேகி வேறு பாஷை பேசுகிறார். சப்டைட்டிலை அப்புறம் பார்க்கிறேன், எல்லோரும் உட்கார்ந்தாச்சு. நன்றி.

மழைநாள்:
சரி, ஹாங்காங் திரைப்பட விருது மேகிக்கும் எரிக் சாங்குக்கும் கிடைத்ததே, லியோன் லாய்க்கு ஏன் கிடைக்கவில்லை? பழையரீல் பதில் சொல்லட்டும்.