கோரிடோரஸ் மீன்களின் மீசை தேய்வதற்குக் கடற்கரை மணல்தான் காரணமா?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். இரண்டடித் தொட்டியில் ஆறு கோரிடோரஸ் (அடியில் இரை தேடும் சிறு கெளுத்தி வகை) மீன்களை வளர்த்து வருகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் வாங்கியபோது நீளமாக இருந்த மீசைகள், இப்போது மூன்று மீன்களில் பாதியாகக் குறைந்துவிட்டன. ஒன்றுக்கு வாயோரம் சிவந்து, மீசை இருந்த இடத்தில் சிறு முனைதான் தெரிகிறது. தொட்டியின் அடியில் இருப்பது எங்கள் ஊர்க் கடற்கரையில் அள்ளிப் பலமுறை கழுவிய மணல். நீர் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுப்பது. தினமும் இரவில் ஆறு மாத்திரை உணவு போடுகிறேன். கல் உப்பு போட்டால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா? மீசை மீண்டும் வளருமா?

பதில் (தொண்டி):
உப்பு வேண்டாம் ஐயா. கோரிடோரஸ் தென்னமெரிக்க நன்னீர் மீன். உப்பை அவ்வளவாகத் தாங்காது. நம் கரையோரக் கிணறுகளிலோ ஏற்கெனவே உவர்ப்பு உண்டு. மணலில் கிளிஞ்சல் துண்டுகள் இருந்தால் அவையே மீசையை அறுத்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

பதில் (கீழக்கரை):
மணலை மாற்றச் சொல்வது சரி, ஆனால் காரணம் அதன் கூர்மை மட்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தையில் நவரை மீன் வாங்கும்போது கீழ்த்தாடையைக் கவனித்துப் பாருங்கள்: அதற்கும் இரண்டு மீசைகள் உண்டு, அவற்றால் கடலடி மணலைக் கிளறித்தான் அது இரை தேடுகிறது. கிளிஞ்சல் மண்டிய மணலில் உழன்றும் அதன் மீசை தேய்வதில்லை. தொட்டியில் நடப்பது வேறு. தின்னாமல் விட்ட உணவும் கழிவும் மணலுக்குள் அழுகி, அங்கே பெருகும் பாக்டீரியா, நாள் முழுவதும் அதே இடத்தைத் துழாவும் மென்மையான மீசையைத் தாக்குகிறது. கூரான துகள் கீறியிருந்தால் அந்தத் தொற்றுக்கு வழி எளிதாகிறது. ஆறு மீனுக்கு இரவுதோறும் ஆறு மாத்திரை மிக அதிகம், இரண்டே போதும்.

கிளிஞ்சலால் இன்னொரு தீங்கும் உண்டு. அது சுண்ணாம்பு ஆகையால் நீரின் காரத்தன்மையை உயர்த்தும். காரம் கூடக்கூட, அதே அளவு அம்மோனியாவின் நச்சு பல மடங்காகும். உலர்ந்த மணலில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் கிளிஞ்சல் இருக்கிறது. உருண்டையான ஆற்று மணலைச் சலித்து ஓரங்குல அளவுக்குப் பரப்பி, வாரந்தோறும் கால் பங்கு நீரை அடிமட்டக் கழிவோடு குழாயால் உறிஞ்சி மாற்றுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் குளோரின் போக ஒரு நாள் காற்றுக் குழாய் ஓடவிட்டுப் பயன்படுத்தலாம். மீசையில் சுவை மொட்டுகள் இருப்பதால், அதை இழந்த மீன் உணவைக் கண்டுபிடிக்கத் திணறும். எனவே மாத்திரையை அது படுத்திருக்கும் இடத்தருகே போடுங்கள். அடிப்பகுதி கெடாத மீசை வளரும். வேரோடு அழிந்தது பெரும்பாலும் வளராது.

கேட்டவர் (மண்டபம்):
வினிகர் பட்டதும் மணல் நன்றாகவே நுரைத்தது. அதை அகற்றியபோது அடியில் கறுத்திருந்தது, அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஆற்று மணல் போட்டு ஐந்து வாரங்கள் ஆகின்றன. இரண்டு மீன்களுக்கு மெல்லிய வெண்ணிற நுனி நீண்டு வருகிறது. வாயோரம் சிவந்திருந்த மீனுக்குச் சிவப்பு அடங்கியிருக்கிறது, மீசை மட்டும் இன்னும் தெரியவில்லை.