சிதம்பரம் மக்களவைத் தொகுதி: மனதை விட்டுப் போகாத ஒரு தேர்தல் அனுபவம்

புவனகிரி வாத்தியார்

2014 ஏப்ரல் 24. புவனகிரி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். நான் மூன்றாவது வாக்குப்பதிவு அலுவலர், ஓட்டு எந்திரத்தின் கண்ட்ரோல் யூனிட் என் மேசையில். டூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், மதியம் மூன்று மணிக்கு மேல் எதிரில் நிற்பவரின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். சீட்டை வாங்கு, பட்டனை அமுக்கு, பீப் கேட்டால் அடுத்த ஆள்.

ஒரு ஆயா வந்தது. எண்பதைத் தாண்டிய வயது. பேரன் வாசல்வரை கூட்டி வந்துவிட்டு நின்றுகொண்டான். மறைப்புக்குள் போனது, பீப் கேட்டது, வெளியே வந்தது. ஆனால் வாசலுக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்து கையை நீட்டியது.

"இன்னொண்ணு குடுய்யா."

"ஆயா, ஒரு ஓட்டுதான். போட்டாச்சு, கிளம்பு."

"பொதுவுக்குப் போட்டாச்சு. நம்மாளுக்கு ஒண்ணு போட வேணாமா?"

ஏஜெண்டுகள் சிரித்துவிட்டார்கள். தொகுதியே தனித் தொகுதி, நிற்பவர்கள் எல்லோருமே பட்டியல் சாதிக்காரர்கள், இதில் பொது ஏது, நம்மாள் ஏது? பேரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். மை காயாத விரலோடு அந்தக் கை நீட்டியே இருந்தது. ஏதோ நான் ஒளித்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. இது என்ன கணக்கு என்று யாருக்காவது தெரியுமா? அப்படியே அவரவர் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

வீராணத்தங்கரை

ஆயா கதைக்கு எனக்கு விடை தெரியாது. ஒரு ஓட்டின் விலை என்ன என்று எங்கள் காட்டுமன்னார்கோயில்காரர்களைக் கேளுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தல், எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். அதே பெயரில் சுயேச்சையாக நின்ற இன்னொருவர் வாங்கியது 289.

முடிவு வந்த மறுநாள் டீக்கடையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். திருப்பூரிலிருந்து வராதவன், கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், பிரசவத்துக்குப் போன மருமகள் என்று பெயர் பெயராக. கடைக்காரர் "விடுண்ணே, டீ ஆறுது" என்று பலமுறை சொல்லியும் நிறுத்தவில்லை. அவர் எந்தக் கட்சி என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

தத்தனூர் இரவு

2019 மே 23, தத்தனூரில் வாக்கு எண்ணிக்கை, நான் கவுண்டிங் ஏஜெண்ட். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, படித்தால் தெரிந்துவிடும்.

காலையில் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனதுதான். தமிழ்நாடு முழுக்க மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது, 38 இடத்தில் தேனி ஒன்றைத் தவிர எல்லாமே ஒரு பக்கம் (வேலூரில் தேர்தலையே ரத்து செய்திருந்தார்கள்). எங்களுக்கு மட்டும் ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு ரவுண்டில் இவர் முன்னால், அடுத்த ரவுண்டில் அவர். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அலுவலர் கண்ட்ரோல் யூனிட்டைத் தூக்கிக் காட்டுவார், ஒவ்வொரு வேட்பாளர் எண்ணாக ஓடும், நாம் எழுத வேண்டும். ஒரு எண்ணைத் தவறவிட்டால் மறுபடி காட்டச் சொல்லிக் கத்த வேண்டும்.

சாயங்காலத்துக்குப் பிறகு என் பேனா தீர்ந்துவிட்டது. உள்ளே கடையா இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எதிரணி ஏஜெண்ட். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பொன்பரப்பி கிராமத்தில் வாக்குப்பதிவு நாளன்று தெருவில் திருமாவளவன் சின்னமான பானையைப் போட்டு உடைத்ததும் வீடுகளை நொறுக்கியதும் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, எப்படிப் பேசுவது? அவர் என்னைப் பார்க்காமலே பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்து நடுவில் வைத்தார். நானும் பார்க்காமலே எடுத்துக்கொண்டேன். கடைசி ரவுண்டுகள் எல்லாம் அவர் பேனாவில்தான் எழுதினேன்.

அப்புறம் விவிபாட் சீட்டு (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று எந்திரம் அச்சிடுவது) எண்ணுவது. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத், மொத்தம் முப்பது. அது முடியாமல் அறிவிக்க மாட்டார்கள். திருமாவளவன் 5,00,229, அதிமுக சந்திரசேகர் 4,97,010. வித்தியாசம் 3,219. வெளியே ஒரே கூச்சல். எங்கள் ஆட்கள் என்னைத் தூக்க வருகிறார்கள், அந்த மனிதர் கையை நீட்டி, "தம்பி, பேனா" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. கொடுத்தேன். ஒரு நன்றி சொல்லியிருக்கலாம், அந்தக் கூச்சலில் வாய் வரவில்லை.

சிவகங்கைச் சீமை

3,219 எல்லாம் பெரிய விஷயமா? 2009இல் எங்கள் ஊரில் ப. சிதம்பரத்துக்கும் ராஜகண்ணப்பனுக்கும் நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். வித்தியாசம் 3,354. அது கோர்ட்டுக்கே போனது.

தத்தனூர் இரவு

3,354 பெரியதா, 3,219 பெரியதா என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் அண்ணே.

பஞ்சாயத்துக் கணக்கு

முதல் பதிவுக்கு வருகிறேன். இதில் ஒரு மர்மமும் இல்லை சார். 2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கிராமத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். அதைப் போட்டுப் பழகிய பாட்டி அடுத்த சீட்டைக் கேட்டிருக்கிறது. 'நம்மாள்' என்றால் வார்டு மெம்பர். அது இல்லையென்றால் 1991, 1996 போல எம்பி, எம்எல்ஏ இரண்டுக்கும் ஒரே நாளில் போட்ட ஞாபகம். இதற்குப் போய் உருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

பரங்கிப்பேட்டை பூத் ஏஜெண்ட்

பொதுவாக எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே இளைஞர்கள் படிப்பார்கள்.

நான் பல தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவன். ஒருமுறை மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஓட்டை அழிக்காமலே வாக்குப்பதிவைத் தொடங்கப் பார்த்தார்கள், நான் எழுந்து நின்றேன், அழித்தார்கள். என் கதை இவ்வளவுதான்.

இனிமேல் ஏஜெண்டாகப் போகிறவர்கள் கேளுங்கள். ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது ஐம்பது ஓட்டாவது போட வேண்டும், அதை எண்ணிக் காட்ட வேண்டும், பிறகு கண்ட்ரோல் யூனிட்டில் மொத்தம் பூஜ்யம் என்று வருகிறதா என்று உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். விவிபாட் சீட்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். முத்திரை வைக்கும்போது அந்தத் தாள் சீலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுங்கள். சாயங்காலம் முடிந்ததும் படிவம் 17சி நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். பசிக்கிறது, பஸ் போய்விடும் என்று ஓடிவிடுகிறார்கள். அந்தத் தாளில்தான் அந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு என்று இருக்கிறது. எண்ணும் நாளில் கண்ட்ரோல் யூனிட் காட்டும் மொத்தம் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வீட்டுக்கு வந்து முகநூலில் எழுதிப் பயனில்லை. தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா (தத்தனூர் தம்பி கவனிக்க), வாக்காளர் பட்டியல் நகல், அடிக்கோல். செல்போன் வேண்டாம். வம்பு.

வெள்ளாற்றுக்காரி

இதை யாரும் கேட்கவில்லையே ஐயா.

நான் சொல்ல வந்தது 1999. அந்தத் தேர்தலில் இந்தத் தொகுதியில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும், எரிந்த வீடுகளைப் பற்றி மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. திருமாவளவன் முதல்முறை நின்றது அப்போதுதான். அதற்கு முன்னால் தேர்தலே வேண்டாம் என்று இருந்த இயக்கம். பாமக பொன்னுசாமி ஜெயித்தார், இவருக்கு இரண்டேகால் லட்சம் ஓட்டு. தோற்றவர் வாங்கிய ஓட்டைப் பற்றி ஊரே பேசிய தேர்தல் அது.

நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். பூத் ஊர்த்தெருவில். காலையில் கிளம்பிய அம்மா கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். யாரும் அடிக்கவில்லை. வழியில் நின்றவர்கள், "உங்க ஓட்டெல்லாம் போட்டாச்சு, வெயில்ல எதுக்கு அலையிறீங்க" என்று மரியாதையாகவே சொன்னார்களாம். மரியாதையாக! அம்மா வந்து உட்கார்ந்து, விரலைப் பார்த்துவிட்டு, அரிசி களைய ஆரம்பித்தார். 2009இல் 99 ஆயிரம் வித்தியாசத்தில் திருமாவளவன் ஜெயித்தபோது எல்லோரும் வெடி போட்டார்கள். அம்மா ஓட்டுப்போட்ட மையை மட்டும் தேய்த்துக் கழுவாமல் வைத்திருந்தார், அது தானாகத்தான் போனது.

பஞ்சாயத்துக் கணக்கு அவர்களே, 'இதற்குப் போய் உருக வேண்டாம்' என்று எழுதும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

ஜெயங்கொண்டம் முந்திரிக்காடு

எங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்று சட்டமன்றத் தொகுதியும் 2009இல்தான் இந்தத் தொகுதிக்குள் வந்தவை. ஆறில் பாதி நாங்கள், பெயர் மட்டும் சிதம்பரம். கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் பக்கம் இருக்கிறது, சிமெண்ட் ஆலை எங்கள் பக்கம் இருக்கிறது, "எம்பி எங்கே?" என்று கேட்டால் கொள்ளிடத்துக் கரையோரம் காட்டுகிறார்கள்.

ஓட்டுக் கேட்டுப் போனதில் மறக்காதது சின்னம்தான். 2009இல் நட்சத்திரம், 2014இல் மோதிரம், 2019இல் பானை. முந்திரி உடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "ஆளு தெரியும், பொருளைச் சொல்லு" என்றார். பானை என்றோம். "ஆங், இது வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். மோதிரத்துக்கு ஏன் ஓட்டு விழவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதே 2019இல் விழுப்புரத்தில் அதே கட்சியின் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இங்கேயும் சூரியனில் நின்றிருந்தால் தத்தனூரில் இரவு வரை உட்கார வேண்டியிருந்திருக்காது.

தத்தனூர் இரவு

சூரியனில் நின்றிருந்தால் பானை மாநிலக் கட்சியின் சின்னம் ஆகியிருக்காது. 2024இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டு தொகுதியிலும் பானையிலேயே ஜெயித்துத்தான் அங்கீகாரம் வந்தது. இங்கே வித்தியாசம் 1,03,554. போதுமா?

ஜெயங்கொண்டம் முந்திரிக்காடு

2019இல் நோட்டாவுக்கு விழுந்ததே உங்கள் வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. பானையின் பெருமையை அதோடு சேர்த்துப் பேசுங்கள்.

நந்தனார் பள்ளி பழைய மாணவன்

வாத்தியார் சார், உங்கள் ஆயா சொன்னது சரி. என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1957இல் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்பி, அதில் ஒரு இடம் பட்டியல் சாதிக்கு. கனகசபைப் பிள்ளையும் எல். இளையபெருமாளும் ஜெயித்தார்கள், இருவரும் காங்கிரஸ். இளையபெருமாள் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1965இல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவின் தலைவர், காட்டுமன்னார்கோயில் மண்ணுக்காரர். சிதம்பரம் சட்டமன்றத் தொகுதியும் அப்போது இரட்டைதான். சுவாமி சகஜானந்தர் அதில் ஒரு உறுப்பினர். ஆக ஒவ்வொருவரும் எம்பிக்கு இரண்டு, எம்எல்ஏவுக்கு இரண்டு சீட்டு போட்டிருக்கிறார்கள். முத்திரை குத்துவதெல்லாம் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன் மேல் சின்னம், சீட்டை அதற்குள் போட வேண்டும். தாத்தா கடைசிவரை அதை "பொது ஓட்டு, நம்ம ஓட்டு" என்றுதான் சொல்வார். அப்போது ஓட்டு வயது 21. 2014இல் எண்பதைத் தாண்டியவர் என்றால் 1957இல் போட்டிருப்பார்.

பஞ்சாயத்துக் கணக்கு

சரி, இருக்கலாம். ஆனால் 1962இலிருந்து எத்தனை தேர்தலில் ஒற்றை ஓட்டுப் போட்டிருக்கும் அந்தப் பாட்டி? அப்போதெல்லாம் கேட்காதது 2014இல் ஏன் கேட்கிறது?

விதிப்புத்தகம்

ஒரு திருத்தம். பொதுவுக்கு ஒரு ஓட்டு, தனிக்கு ஒரு ஓட்டு என்று சட்டத்தில் பிரிவு இல்லை. இரண்டு சீட்டையும் எந்த இரண்டு வேட்பாளருக்கும் போடலாம், ஒருவருக்கே இரண்டையும் போடத்தான் கூடாது. எண்ணும்போது முதலில் ஒதுக்கீட்டு இடத்தை நிரப்புவார்கள், அப்புறம் மிச்சம் இருப்பவர்களில் அதிக ஓட்டு வாங்கியவர், அவர் எந்தச் சாதியானாலும். அதே 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடத்தையும் பழங்குடியினரே ஜெயித்து, வி.வி. கிரி தோற்றார். உச்ச நீதிமன்றம் வரை போயும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துவிட்டார்கள்.

வெள்ளாற்றுக்காரி

சட்டத்தில் பிரிவு இல்லாமல் இருக்கலாம். போட்டவர்கள் அப்படிப் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஏன் 2014இல் கேட்டது என்கிறீர்களே, அதற்கு முன்னால் எத்தனை தேர்தலில் அதை பூத்துக்குள் விட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

புவனகிரி வாத்தியார்

நந்தனார் பள்ளிக்காரருக்கு நன்றி. அந்த பூத்தில் அன்று உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் ஒருவர் இன்னும் எனக்குப் பழக்கம். இதை அனுப்பினேன். "அந்த ஆயாவோட வீட்டுக்காரர் இளையபெருமாளோட கூட்டத்துக்குத் தப்படிச்சவரு சார், அப்பவே சொல்லியிருப்பேனே" என்கிறார். அன்றைக்கு முதலில் சிரித்தவரே அவர்தான்.