அனுப்பிய கட்டுரை ஆசிரியரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? உங்கள் அனுபவம்

அந்திவானம்:
தங்கையின் கட்டுரை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, வேர்டு கோப்பாகவே போனது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழாகத் தெரியாது. ஆசிரியரைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. "இது எந்த ஊர் பாஷைம்மா?" என்றார். அவர் தமிழாசிரியர், பாமினி தெரியாதவர் இல்லை. கேலியா கோபமா என்று இன்னும் பிடிபடவில்லை.

கோடங்கி:
பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். இதெல்லாம் ஒரு பிரச்சினையா? எங்களுடையது கூட்டுக் கட்டுரை, கூகுள் டாக்ஸ். இணைப்பு கிடைத்த யாரும் திருத்தலாம் என்று ஒருவன் வைத்துவிட்டான். நள்ளிரவில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவுரை எழுத்தெழுத்தாக அழிகிறது! மேலே, திறந்திருப்பவரின் பெயருக்குப் பதில் ஏதோ விலங்குப் படம். பதிப்பு வரலாற்றில் போய் மீட்டோம். யாரென்று தெரியவே இல்லை.

பழைய வாத்தியார்:
கோடங்கி தம்பி, பாமினியை பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், அதே அரைப்புள்ளி வரும். முதலில் எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

எனக்கு வந்த ஒரு கட்டுரையின் ஓரத்தில் நண்பனின் குறிப்பு அப்படியே இருந்தது: "இந்தப் பத்தியை சார் படிக்க மாட்டார், விடு." படித்தேன். நல்ல பத்திதான்.

அதனால் சொல்கிறேன். அனுப்பும் முன் வேர்டில் பதிவாகியிருக்கும் திருத்தங்களை எல்லாம் ஏற்று, ஓரக் குறிப்புகளை நீக்குங்கள். மறைத்து வைத்தால் போதாது, அடுத்தவர் திறந்தால் தெரியும். புதுப் பக்கத்துக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள், கண்ட்ரோலோடு சேர்த்து ஒரே என்டர். ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஏபிஏ முறை கேட்டால் நாலு பக்கமும் 1 அங்குலம் விடுங்கள், இரட்டை வரி இடைவெளி, மேற்கோள் பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டாம் வரியிலிருந்து அரை அங்குலம் உள்ளே. கோப்புக்கு 'இறுதி', 'இறுதி புதுசு' என்றெல்லாம் பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் தலைப்பையும் வையுங்கள். டாக்ஸ் இணைப்பு என்றால் ஆசிரியருக்குக் 'கருத்திடலாம்' என்ற அனுமதி போதும். வேறு கணக்கில் நுழைந்து ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

கோடங்கி:
சார், அனுபவம்தானே கேட்டார்கள், பாடம் யார் கேட்டது? அந்தப் பையனுக்கு மதிப்பெண் குறைத்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.

அந்திவானம்:
யூனிகோடுக்கு மாற்றித்தான் மறுபடி கொடுத்தோம் வாத்தியார் ஐயா. நடுவில் இருந்த ஆங்கில நூல் தலைப்புகளையும் அந்த மாற்றும் கருவி சேர்த்துத் தமிழாக்கி வைத்திருந்தது. வாயில் நுழையாத தமிழ். ஆசிரியர் அதையும் சத்தமாக வாசித்துக் காட்டினார்.